மண்ணெண்ணெயில் ஓடிய வன்னி

வன்னிப் போரின் வரலாறு பெரும்பாலும் களமுனைகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அக்காலத்தில் மக்களின் வாகனங்கள் எவ்வாறு ஓடின என்பதை எழுதியோர் சிலரே. நீண்டகாலம் பத்திரிகைத் துறையில் இருந்தவன் என்ற வகையில், அதன் ஒரு சிறு பகுதியையாவது இங்கு பதிவுசெய்ய விரும்புகின்றேன்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதைத் தொடர்ந்து வடபகுதி பொருளாதாரத் தடைக்கு உள்ளானது. பெற்றோல், டீசல், பற்றரி, உதிரிப்பாகங்கள் யாவும் தடைசெய்யப்பட்டன. மண்ணெண்ணெய் மட்டுமே, அதுவும் மட்டுப்படுத்தப்பட்ட அளவில், அனுமதிக்கப்பட்டது. 1995 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய மக்களில் பெருந்தொகையினர் வன்னியை வந்தடைந்தனர். 1996 செப்டெம்பரில் கிளிநொச்சி நகரும் படையினர் வசமானது. மல்லாவியும் புதுக்குடியிருப்பும் புதிய மையங்களாயின. நோயாளியையும் கர்ப்பிணியையும் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வாகனம் வேண்டும். வாகனத்துக்கு ஊற்ற மண்ணெண்ணெயே இருந்தது.

மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல எளிதில் ஆவியாவதில்லை. ஆகவே, சிறு போத்தலில் பேணிவைத்த சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பிப்பார்கள். அது சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அமுக்கவிகிதம் குறைந்த ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்கள் இதனைத் தாங்கிக்கொண்டன. 1940களின் பிற்பகுதியில் பிரித்தானிய விவசாயிகளின் பெர்குசன் உழவு இயந்திரங்களும் இதே முறையில், பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடியதுண்டு. ஆனால் அவை அதற்கெனவே தொழிற்சாலையில் வடிவமைக்கப்பட்டவை. வன்னியிலோ அந்த வேலை கராஜ்காரரின் தலையில் விழுந்தது.

இவ்வாறு ஓடும் இயந்திரத்துக்குப் பெரும் பகை காற்றுக்கசிவு. காபரேற்றருக்கும் சிலிண்டருக்கும் இடைப்பட்ட குழாயில் வெளிக்காற்றைவிட அமுக்கம் குறைவாக இருக்கும். காஸ்கட்டில் மயிரிழை அளவு வெடிப்பு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படும். எரிபொருட் கலவை மெலியும். இயந்திரம் நின்ற நிலையில் சீராக ஓடாது, நடுங்கி அணையும். மண்ணெண்ணெயில் இக்கேடு இருமடங்கு. குளிர்ந்த காற்றால் எண்ணெய் முழுமையாக ஆவியாகாமல், சிலிண்டர்ச் சுவர் வழியே வடிந்து இயந்திர ஒயிலுடன் கலந்துவிடும். ஒயில் நீர்த்தால் பெயாரிங்குகள் தேயும். மாற்றப் பெயாரிங் இல்லாத நாட்டில் அதன் பொருள் வாகனத்தின் மரணம்.

இக்கசிவைக் கண்டறிய உலகெங்கும் எளிய கராஜ்களில் கையாளப்படும் வழிகள் உண்டு. இறப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைப் பொருத்துகளின் மேலாக நகர்த்தினால், கசியும் இடத்தில் சீறல் கேட்கும். பொருத்தின் மீது சவர்க்கார நீரைச் சிறிது விட்டால், நீர் ஓட்டையை அடைக்கும் கணத்தில் இயந்திரத்தின் ஓசை மாறும். இவற்றுக்குக் கருவி வேண்டியதில்லை. காதும் பொறுமையும் போதும்.

இன்று ஏ9 வீதியில் டர்போ பொருத்திய வாகனங்கள் விரைகின்றன. அவற்றில் இதே கசிவு இரு முகம் காட்டும். நின்ற நிலையில் ஓட்டை காற்றை உள்ளிழுக்கும். டர்போ காற்றை அமுக்கும்போது அதே ஓட்டை வெளியே ஊதும். கணினி பி0171 என்று கலவை மெலிந்ததைச் சொல்லும். ஓட்டை எங்கே என்று சொல்லாது. குழாய்களுக்குள் புகையைச் செலுத்தி, அது கசியும் இடத்தைக் கண்ணால் தேடவேண்டியிருக்கிறது. கருவி மாறினாலும் தேடல் மாறவில்லை.

2002 இல் போர்நிறுத்தத்தையடுத்து ஏ9 திறக்கப்பட்டபோது பெற்றோல் திரும்பி வந்தது. 2006 ஓகஸ்டில் வீதி மீண்டும் மூடப்பட்டது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது, முல்லைத்தீவுக் கரையோரத்தில் ஆயிரக்கணக்கான வாகனங்கள் எரிந்தும் சிதைந்தும் கிடந்தன. அந்தக் கைவினையின் சான்றுகளும் அவற்றோடு அழிந்தன.

எஞ்சியிருப்பவை அக்கராஜ்களில் வேலை செய்தோரின் நினைவுகளே. அவர்களிற் பலர் இன்று முதுமை எய்திவிட்டனர். சிலர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழ்கின்றனர். அவர்களை அறிந்த வாசகர்கள் அருகமர்ந்து கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். தடைப்பட்டியல் அரச ஆவணங்களில் இருக்கும்; அதனை மீறி மக்கள் வாழ்ந்த விதம் அங்கே இராது.