கட்டுச்சோறு: ஒரு முடிச்சின் வரலாறு

"கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த வார்த்தையும் எத்தனை நாளைக்கு?" என்று பழமொழி கேட்கிறது. வார்த்தையைப் பற்றி எனக்குத் தெரியாது. சோற்றைப் பற்றி எங்கள் வீட்டில் தெளிவான விடை உண்டு: திருச்சியில் ரயில் ஏறினால் புதுக்கோட்டை வரைக்கும். சித்தப்பா கூட வந்தால் அதுவும் சந்தேகம். ஆனால் கட்டுச்சோறு என்ற சொல்லும், அதற்கு முன்னும் பின்னும் வந்த அதன் உறவுக்காரச் சொற்களும் அவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகிற சரக்கில்லை.

முதலில் இலக்கணத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். சுடுசோறு என்று சொல்லும்போது நடுவில் ஒற்று மிகுவதில்லை, அது வினைத்தொகை. கட்டுச்சோற்றில் 'ச்' வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆகவே இங்கே கட்டு என்பது பெயர்ச்சொல். வெற்றிலைக்கட்டு, கீரைக்கட்டு, புல்லுக்கட்டு என்கிறோமே, அந்தக் கட்டு. சோறு எப்படிச் சமைத்தது, என்ன ருசி என்பதைப் பற்றியெல்லாம் இந்தச் சொல்லுக்கு அக்கறையே இல்லை. கட்டாகிவிட்டதா, அது போதும்.

இந்தச் சாப்பாட்டுக்குத் தமிழில் இருந்த மற்றப் பெயர்களுக்கும் இதே குணம்தான். ஆற்றுணா என்று ஒரு சொல் பழமொழி நானூற்றில் வருகிறது. ஆறு என்றால் இங்கே நதி இல்லை, வழி. ஆற்றுப்படையில் வருகிற ஆறு. வழியில் உண்ணும் உணவு ஆற்றுணா. நன்றாகக் கற்றவன் எந்த நாட்டுக்குப் போனாலும் அது அவன் சொந்த நாடு மாதிரிதான், அதனால் அவன் சோற்றைச் சுமந்துகொண்டு போக வேண்டியதில்லை என்பது அந்தப் பாட்டின் கருத்து. வடமொழிக்காரர்களும் இதே கணக்கில்தான் சொல் செய்திருக்கிறார்கள்: பதம் என்றால் வழி, வழிக்கான உணவு பாதேயம்.

இன்னொன்று தோட்கோப்பு. தோளில் கோத்து மாட்டிக்கொண்டு போவது. நாலடியார் இளமை நிலையாமையைச் சொல்லும்போது இந்தச் சொல்லை எடுக்கிறது. எமன் ஆள் பார்த்துத் திரிகிறான், நேரம் இருக்கும்போதே தோட்கோப்பைத் தயார் செய்துகொள்ளுங்கள் என்கிறது. அங்கே தோட்கோப்பு என்பது புண்ணியம். அதைப் பாடிய சமண முனிவர்கள் கட்டுச்சோற்றைக்கூடப் பயமுறுத்தத்தான் பயன்படுத்தினார்கள். தோளை உதிர்த்துவிட்ட கோப்பு இன்று அரசு அலுவலக மேசைகளில் அடுக்கிக் கிடக்கிறது. அந்தக் கோப்பும் ஊறிக்கொண்டேதான் இருக்கிறது, ருசிதான் ஏறுவதில்லை.

இலையில் பொதிந்தால் அதுவே பொதிசோறு. ஆறு, தோள், பொதி, கட்டு. போகிற வழி, சுமக்கிற உறுப்பு, சுற்றுகிற இலை, போடுகிற முடிச்சு. உள்ளே இருப்பது என்ன என்று மட்டும் ஒரு பெயரும் சொல்வதில்லை. சொல்லத் தேவையில்லை என்று விட்டிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் உள்ளே இருந்தது பெரும்பாலும் புளிச்சோறு.

இதற்குச் சாட்சி அகநானூற்றில் இருக்கிறது. 311ஆம் பாட்டு, பாடியவர் மாமூலனார். புல்லி என்ற தலைவனின் நாட்டு வழியாகப் பசியோடு வருகிறார்கள் வழிப்போக்கர்கள். அங்கே மாடு மேய்க்கும் கோவலர் தம் இளங்காளையின் கழுத்தில் மூங்கில் குழாய் ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார்கள். குழாய்க்குள் இருப்பதை மாமூலனார் தீம்புளி என்கிறார். இனிய புளிச்சோறு என்று பொருள் சொல்வார்கள். அதைத் தேக்கிலையில் பகிர்ந்து கொடுக்கிறார்கள் கோவலர். எதற்காக? செவியடை தீர. பசி முற்றினால் காது அடைக்கும். இன்றைக்கும் 'பசி காதை அடைக்குது' என்கிறோமே, அந்த அடைப்புத்தான். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய பசிக்கும் நம் பசிக்கும் அடையாளம் மாறவில்லை. மருந்தும் மாறவில்லை.

ஆனால் அந்தக் குழாய்ச் சோற்றில் மிளகாய் இருந்திருக்க வழியில்லை. மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக வந்தது. நிலக்கடலையும் அந்தப் பக்கத்துச் சரக்குத்தான். காரம் வேண்டியிருந்தால் மிளகைத்தான் நம்பியிருக்க வேண்டும். புளிகூட ஆப்பிரிக்கத்து மரம். வந்து வெகுகாலம் ஆனதால் நம்மூர் ஆகிவிட்டது. அரேபியர்கள் அதை 'இந்தியப் பேரீச்சை' என்றே அழைத்தார்கள். அந்த அரபுப் பெயரிலிருந்து பிறந்ததுதான் டாமரிண்ட் என்ற ஆங்கிலப் பெயர்.

பயணத்துக்கு ஏன் புளி? புளியில் டார்டாரிக் அமிலம் மிகுதி. சோற்றைக் கெடுக்கிற நுண்ணுயிர்களுக்கு அந்தப் புளிப்பு ஒத்துவராது. அதோடு உப்பு சேர்கிறது. புளிக்கரைசலை நீர் சுண்டி எண்ணெய் பிரியும்வரை கொதிக்க வைப்பதால் ஈரமும் குறைகிறது. இதில் எதையும் ஆய்வுக்கூடத்தில் கற்றுக்கொள்ளாமலே செய்தார்கள் நம் பாட்டிமார். கோயில் மடைப்பள்ளியில் இதுவே புளியோதரை ஆயிற்று. வடமொழியில் ஓதனம் என்றால் சோறு. தயிர்ச்சோறு தத்தியோதனம் ஆனது அப்படித்தான். கன்னடத்தில் ஓகர என்றாலும் சோறே; அங்கே இது புளியோகரெ. எந்தப் பெயரில் பெருமாளுக்குப் படைத்தாலும் அது கோவலர் கொடுத்த அதே புளிச்சோறு.

எங்கள் அப்பாயி ராமேசுவரத்துக்குக் கட்டும் சோற்றை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். முதல்நாள் இரவே புளிக்காய்ச்சல் தயாராகிவிடும். வீட்டில் இருப்பவர்களெல்லாம் வரிசையாகத் தும்முவோம். விடிகாலையில் சோறு வடித்துத் தாம்பாளத்தில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டு, விசிறியால் விசிறி ஆறவைப்பாள். சூட்டோடு கட்டினால் வேர்த்து ஊசிப்போகும் என்பது அவள் விதி. இன்னொரு பக்கம் வாழையிலையை அடுப்புத் தணலில் ஒரு வீச்சுக் காட்டுவாள். பச்சை இலை அந்த வாட்டலில் நிறம் மாறித் துணிபோல் துவளும். எப்படி மடித்தாலும் கிழியாது.

தயிர்ச்சோற்றில்தான் அவள் வித்தை தெரியும். குழைந்த சோற்றில் காய்ச்சி ஆறிய பாலைத் தாராளமாக விட்டு, தயிரை ஒரே ஒரு கரண்டி மட்டும் கலப்பாள். காலையில் வாயில் வைத்தால் சப்பென்று பால்சோறு. மானாமதுரை தாண்டிப் பசிக்கும் நேரத்தில் அது கச்சிதமாக உறைந்து, புளிக்காத தயிர்ச்சோறாகியிருக்கும். ரயில் தாமதமானால் மட்டும் கொஞ்சம் புளிக்கும். அப்பாயியிடம் கைக்கடிகாரம் கிடையாது. தயிரை ருசித்துப் பார்த்தே வண்டி எவ்வளவு நேரம் தாமதம் என்று சொல்லிவிடுவாள்.

இத்தனை கணக்கையும் குலைப்பவர் சித்தப்பா. வண்டி நகர்ந்ததும் அவர் கண் மேல்தட்டில் இருக்கும் பைக்குப் போகும்.

"ஏன்டா, ஊரு எல்லைகூடத் தாண்டலையேடா" என்பாள் அப்பாயி.

"மூட்டை கனமா இருக்கும்மா. கொஞ்சம் குறைச்சா இறங்கறப்ப தூக்க லேசா இருக்கும்ல?"

அந்த நியாயத்துக்கு யாரும் பதில் சொல்ல முடியாது. பிரித்தால் எதிர் இருக்கைக்காரரும் தம் பொட்டலத்தைப் பிரிப்பார். அவருடைய எலுமிச்சைச்சோறு இந்தப் பக்கம் வரும், எங்கள் புளிச்சோறு அந்தப் பக்கம் போகும், தொட்டுக்கொள்ளப் பருப்புத் துவையல் நடுவில் நிற்கும். ஒருமுறை எண்ணெய் வழிந்து கோயிலுக்குக் கட்டிக்கொள்ள எடுத்து வைத்திருந்த பட்டுவேட்டி முழுக்கப் பழுப்புக் கோலம். அந்த வேட்டியோடுதான் சித்தப்பா ராமநாதரைக் கும்பிட்டார். பிராகாரம் முழுக்கப் பெருங்காய வாசம் அவருக்கு முன்னால் போனது.

திரும்பவும் சொல்லுக்கு வருவோம். பொதிசோறு என்ற பெயருக்குப் பெரியபுராணத்தில் நல்ல இடம். திருப்பைஞ்ஞீலிக்குப் போகும் வழியில் அப்பர் பசியால் களைத்துப்போகிறார். சிவபெருமான் ஒரு சோலையையும் குளத்தையும் உண்டாக்கி, அந்தணர் வேடத்தில் பொதிசோற்றோடு காத்திருந்து கொடுக்கிறார். சீர்காழிப் பக்கத்துத் திருக்குருகாவூருக்குப் போகையில் சுந்தரருக்கும் அவர் கூட்டத்துக்கும் அதே கதை: பந்தல், தண்ணீர், பொதிசோறு. சாப்பிட்டுக் கண்ணயர்ந்து எழுந்து பார்த்தால் பந்தலும் இல்லை, கொடுத்தவரும் இல்லை. இரண்டு ஊரிலும் இதை விழாவாகக் கொண்டாடுகிறார்கள். விழாவுக்குப் பெயர் கட்டமுது. சோறு சாமி சம்பந்தப்பட்டதும் அமுதாகிவிட்டது. கட்டு மட்டும் கட்டாகவே இருக்கிறது. மலையாளத்தில் பொதிச்சோறு இன்றும் பேச்சு வழக்கு. வாட்டிய வாழையிலையில் சோறும் கறியும் சேர்த்துப் பொதிந்து கொடுப்பதை அங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள்.

நம் பக்கத்தில் கட்டுச்சோறு பயணத்தை விட்டுச் சடங்குக்குள்ளும் புகுந்தது. கொங்கு நாட்டில் கர்ப்பிணிப் பெண்ணுக்குத் தாய்வீட்டார் விதவிதமான சோறு சமைத்துக் கொண்டுவந்து செய்வது கட்டுச்சோறு விருந்து. அது முடிந்தால் பெண் பிரசவத்துக்குத் தாய்வீடு போவாள். பிராமணர் கல்யாணத்தில் கடைசி நாள் சம்பந்தி வீட்டாருக்குக் கொடுத்தனுப்புவது கட்டுச்சாதக் கூடை. இங்கே சோறு சாதமாயிற்று. பிரசாதம் என்பதன் வால்தான் சாதம் என்பார்கள் அகராதிக்காரர்கள். சம்பந்திகள் பக்கத்துத் தெருவிலிருந்தே வந்திருந்தாலும் கூடை உண்டு. அந்த ஐந்து நிமிட நடையில் பசித்துவிட்டால் என்ன செய்வது?

பொருளின் கதை வேறு பாதையில் போனது. கட்டுச்சோற்றுக்குள் எலியை வைத்துக் கட்டினாற்போல என்றொரு பழமொழி இருக்கிறது. வேண்டாதவனைக் கூடவே வைத்துக்கொள்வதற்குச் சொல்வது. எலி புகுந்துகொள்ள வேண்டுமானால் அது துணி மூட்டையாகத்தான் இருந்திருக்கும். தூக்குவாளியும் அடுக்கு டிபன் கேரியரும் வந்த பிறகு அந்த எலிக்கு இடமில்லாமல் போயிற்று. டிபன் என்ற சொல் இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர் வாயில் புழங்கியது. அவர்களுக்கு அது இலேசான பகலுணவு, நமக்கு இட்லி தோசை. கேரியர் வந்ததும் கட்டுவதற்கு வேலை இல்லாமல் போயிற்று: அடுக்கி, பக்கவாட்டுக் கம்பியை மாட்டி, கொக்கியை அழுத்தினால் போதும்.

அதன்பின் ஓட்டல் வாசலில் பார்சல் வந்தது. லத்தீனில் சிறுபகுதி என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிரெஞ்சு, ஆங்கிலம் வழியாக, தபாலாபீசில் இறங்கி, அங்கிருந்து மெஸ்ஸுக்கு நடந்து வந்த சொல். இலங்கையில் சோற்றுப் பார்சல் என்று சோற்றையும் சேர்த்துச் சொல்கிறார்கள். இங்கே பார்சல் என்றாலே சாப்பாடுதான். கட்டுச்சோறு கல்யாண வீட்டுக்கும் சுற்றுலா விளம்பரத்துக்கும் ஒதுங்கிவிட்டது.

அப்படி நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு நாள் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று பார்சல் மடிப்பவரின் கையைக் கவனித்தேன். மந்தாரை இலையில் சாம்பார் சாதம் விழுகிறது, மேலே செய்தித்தாள். நான்கு பக்கமும் உள்ளே மடங்குகிறது. தலைக்கு மேலே தொங்கும் உருளையிலிருந்து நூலை இழுத்து நெடுக ஒரு சுற்று, குறுக்கே ஒரு சுற்று, சுண்டி அறுக்கிறார். சட்னியை ஊற்றிய பையில் கொஞ்சம் காற்றைப் பிடித்து வாயை முறுக்கி அதே நூலைச் சுற்றுகிறார். முடிச்சே போடவில்லை, ஆனாலும் ஒரு சொட்டு ஒழுகாது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை. பை இருந்தாலும் போனாலும் நூல் உருளை இருக்கிறது. உள்ளேயிருந்து சர்வர் குரல் கொடுக்கிறார்:

"ரெண்டு சாம்பார் சாதம், நாலு பரோட்டா, பார்சல் கட்டு!"

பார்சல் பண்ணு என்றும் சொல்கிறார்கள்தான். ஆனாலும் நெரிசலான நேரத்தில் வாயில் தானாக வருவது கட்டு. "நாலு இட்லி கட்டுங்கண்ணே" என்று கேட்கிறவர் பார்சல் என்ற சொல்லைத் தொடுவதுகூட இல்லை. ஆற்றுணாவிலிருந்த ஆறு மறைந்தது. தோட்கோப்பின் தோள் போயிற்று. சோறு சாதமாகி, அமுதாகி, டிபனாகி எத்தனையோ வேடம் கட்டியது. கட்டு மட்டும் பெயர்ச்சொல் பதவியை விட்டு வினைச்சொல்லாக இறங்கி, வெளிநாட்டிலிருந்து வந்த பார்சலையும் தன் நூலுக்குள் இழுத்துச் சுற்றிவிட்டது. வீட்டுக்குக் கொண்டுபோய் அதைப் பிரிப்பதுதான் பெரும்பாடு. எந்த முனையை இழுத்தாலும் இறுகும். கடைசியில் பல்லால்தான் கடிக்க வேண்டியிருக்கிறது.