கொம்பு முதலில்

1984-இல் கும்பகோணத்தில், கோர்ட்டுக்கு எதிர்ச்சாரித் தாழ்வாரம் ஒன்றில் ஜாப் டைப்பிங் போட்டேன். கைமுதல் ஒரு தமிழ் ரெமிங்டன், ஒரு இங்கிலீஷ் மெஷின், லோயரும் ஹையரும் பாஸான சான்றிதழ்கள். வக்கீல் குமாஸ்தா மனுவை நீட்டும்போதே, "ஒரிஜினலோட நாலு காப்பிம்மா, பத்தரைக்குள்ள" என்பார். ஓர் எழுத்து தப்பினால் ஐந்து தாளிலும் தனித்தனியாக ரப்பர் போட வேண்டும். சர்வே நம்பர் தப்பினால் தாளையே உருவிப் போட வேண்டியதுதான். அதனால் விரல் இறங்குமுன் வாக்கியம் மனத்தில் முடிந்திருக்கும்.

தலைப்பை நடுவில் வைக்க ஒரு கணக்கு உண்டு. கேரியேஜைத் தாளின் நடுவுக்குக் கொண்டுவந்து, இரண்டு எழுத்துக்கு ஒரு பேக்ஸ்பேஸ் தட்ட வேண்டும். தமிழில் இது லேசுப்பட்டதல்ல. ‘கொ’வுக்கு மூன்று இடம் வேண்டும், ‘க்’குக்கு ஒன்று போதும். புள்ளியைத் தட்டினால் கேரியேஜ் நகராது, அடுத்துத் தட்டும் எழுத்து அதன் கீழேயே வந்து உட்காரும். யாழ்ப்பாணத்துக்காரரான ஆர். முத்தையா தமிழ் எழுத்து அத்தனையையும் ஒரு பலகைக்குள் அடக்கியது இந்த நகரா விசையால்தான். ‘கெ’ அடிக்கக் கொம்பு முதலில், ககரம் பிறகு. கண் பார்க்கும் வரிசையே கையின் வரிசை.

தொண்ணூறுகளில் பக்கத்துக் கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தது, பிறகு எனக்கும். கறுப்புத் திரையில் வேர்ட்ஸ்டார், மௌஸ் கிடையாது. பத்தியின் தொடக்கத்தில் கன்ட்ரோல் கே-பி, முடிவில் கே-கே, வேண்டிய இடத்தில் கே-வி. இரண்டாம் பத்தி நான்காம் இடத்துக்குப் போய்விடும்! வீட்டிலேயே எழுதித் திருத்திக் கொண்டுவந்த குமாஸ்தாக்கள், அதன்பிறகு என் தோளுக்குப் பின்னால் நின்றபடி யோசிக்கத் தொடங்கினார்கள். மனுக்கள் நீண்டதும் அப்போதிருந்துதான். இது என் குற்றச்சாட்டு.

தமிழில் வேறு தொல்லை. ஒவ்வொரு ஃபான்ட்டுக்கும் ஒரு குறியேற்றம். ஃப்ளாப்பியில் கொண்டுபோன பாகப்பிரிவினைப் பத்திரத்தை இன்னொரு கடையில் திறந்தால், திரை முழுக்கத் தலையில் புள்ளி வைத்த ரோமன் எழுத்துகள். அண்ணன் தம்பி இருவரும் என்னைத்தான் முறைத்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டிலிருந்து தமிழ்99 விசைப்பலகை வந்தது. இடக்கைக்கு உயிர், வலக்கைக்கு மெய், கற்கச் சுலபம். 2010-இல் அரசு ஒருங்குறியை ஏற்றபின் ஃபான்ட் சண்டை ஓரளவு ஓய்ந்தது.

ஒருங்குறியில் ககரம் முதலில், கொம்பு பிறகு. என் விரலுக்கு இன்னும் அது ஏறவில்லை. பழைய தட்டச்சு வரிசையைத் தரும் மென்பொருளைப் போட்டுக்கொண்டு கொம்பை முதலில் தட்டுகிறேன். அது உள்ளே மாற்றி வைத்துக்கொள்கிறது. ஆகவே, தலைப்பை நடுவில் வைக்க ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டே போகும் பிள்ளைகளை நான் திட்ட முடியாது. அவர்கள் டைப்ரைட்டரைத் தொட்டதே இல்லை என்பதுதான் வேடிக்கை.

வேர்டில் அதற்குக் கன்ட்ரோல் ஈ இருக்கிறது தம்பி. அடுத்த முறை முப்பது ஸ்பேஸோடு ஃபைல் கொண்டுவந்தால் திருத்துகூலி தனி.