கட்டளை வரியும் எழுத்துக் காப்பும்

மாத்தளை நகருக்கு வடக்கே இரண்டு கல் தொலைவில் அமைந்துள்ளது அலுவிகாரைக் குகைக்கோயில். கி. மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமினி அபயனது ஆட்சிக் காலத்தில், அதுகாறும் வாய்மொழியாகவே வழங்கிவந்த பாளித் திரிபிடகம் அங்கே ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. பஞ்சமும் போரும் ஓதுவோர் தொகையைக் குறைத்தமையே அதற்குக் காரணமாகக் கூறப்படும். எழுத்தில் ஏறிய நூலும் நிலைபெற வேண்டுமாயின், அதனைப் படிக்க வல்லாரும் பெயர்த்தெழுத வல்லாரும் தலைமுறைதோறும் இருத்தல் வேண்டும். ஓலைக்குரிய இவ்வுண்மை கணினிக்கும் உரியதே. இதனை உளங்கொண்டு, கணினியின் கட்டளை வரி தோன்றி வளர்ந்த வரலாற்றையும், தமிழ் மாணவர் அதனைக் கற்பதன் பயனையும் சிறிது ஆராய்வாம்.

1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி என்னும் அறிஞர் இருவரும் யுனிக்ஸ் என்ற பணிசெயல் முறைமையை உருவாக்கத் தலைப்பட்டனர். அக்காலத்தில் சுட்டி பொதுவழக்கில் இல்லை. படங்கள் நிறைந்த திரையும் பொதுவழக்கில் இல்லை. தட்டச்சுப் பொறியை ஒத்த தொலையச்சுப் பொறியே கணினிக்கும் மனிதர்க்கும் இடைநின்ற தூதுவன். அது செக்கனுக்குப் பத்து எழுத்துக்களையே அச்சிட வல்லது. ஆதலின் சொற்சுருக்கம் பேணப்பட்டது. கோப்புக்களின் பெயர்களைப் பட்டியலிட ‘எல்.எஸ்.’, பிரதிசெய்யச் ‘சி.பி.’, இடம் பெயர்க்க ‘எம்.வி.’ என ஈரெழுத்துக் கட்டளைகள் அமைந்தன. இன்று மாணவர் முதற்கண் கற்கும் கட்டளைகளும் இவையே. அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் இவை மாறவில்லை.

1964இலேயே டக்ளஸ் மக்கில்ராய் என்பார், ஒரு நிரலின் வெளியீட்டை மற்றொன்றுக்கு உள்ளீடாகச் செலுத்தல் வேண்டும் எனக் குறிப்பெழுதினார். அக்கருத்து 1973இல் யுனிக்சில் ‘குழாய்’ என்னும் பெயரால் நிறைவேறியது. ஒரு கட்டளை வரிகளைத் தேடும், அடுத்தது வரிசைப்படுத்தும், மூன்றாவது எண்ணிக் காட்டும். தனித்தனியே எளியனவாகிய கருவிகள் குழாயால் இணைந்து அரிய வேலையை முடிக்கின்றன.

இனி, இம்முறைமை மக்களின் பொதுவுடைமையான வரலாறு நோக்கத்தக்கது. 1956ஆம் ஆண்டின் நீதிமன்ற உடன்பாடொன்றினால், பெல் ஆய்வுகூடத்துக்கு உரிய தொலைபேசிக் கம்பனி வேறு வணிகங்களில் இறங்குதல் தடுக்கப்பட்டிருந்தது. அதனாற் பல்கலைக்கழகங்கள் யுனிக்சைக் குறைந்த கட்டணத்திற் பெற்றன. 1984இல் அக்கம்பனி பிரிக்கப்பட்டபின் அத்தடை நீங்க, யுனிக்ஸ் விலைப்பொருளாயிற்று. அதற்கு முந்திய ஆண்டிலேயே, எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையுடைய முறைமை ஒன்றை ஆக்குவதாக ரிச்சார்ட் ஸ்ரோல்மன் அறிவித்திருந்தார். 1991இல் பின்லாந்து மாணவராகிய லினஸ் டோவால்ட்ஸ், லினக்ஸ் கருவை வெளியிட்டார். இவ்விரு முயற்சிகளும் இணைந்தமையால், மூலக் குறிமுறை மறைக்கப்படாத முழு முறைமை உலகுக்குக் கிட்டியது. இலங்கையரும் இத்துறையில் வாளாவிருந்திலர். 2004ஆம் ஆண்டு மார்கழி ஆழிப்பேரலையின் பின், காணாமற்போனோரையும் நிவாரண முகாம்களையும் பதிவுசெய்ய இந்நாட்டுத் தொண்டர் ஆக்கிய ‘சகானா’ என்னும் திறந்த மூல மென்பொருள் பிறநாடுகளிலும் பயன்பட்டது.

நிற்க. கட்டளை என்பது தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. நட, வா, செய் என்னும் ஏவலொருமையில் வினையடியே கட்டளையாய் நிற்பதை இலக்கணத்திற் கற்றுளோம். கணினிக் கட்டளையும் அத்தகைய வெறும் வினையடியே. வேறுபாடு சொன்முறையிலேயே உள்ளது. தமிழில் செயப்படுபொருள் முன்னும் வினை பின்னும் வரும். ஈண்டு வினை முன்னும் பொருள் பின்னும் வரும். ‘சி.பி.’ என எழுதி, மூலக் கோப்பின் பெயரை முதலிலும் பிரதியின் பெயரை அடுத்தும் இடல் வேண்டும். அழித்தற்குரிய ‘ஆர்.எம்.’ கட்டளையோ மறுமுறை வினவாது அழித்துவிடும். ஆகவே, மூலத்தைத் தொடாது பிரதியிலேயே வேலை செய்தல் மாணவன் கற்கவேண்டிய முதல் ஒழுக்கமாம்.

இக்கட்டளைகளின் துணையால் நம் எழுத்தின் இயல்பையும் அறியலாம். ‘மாத்தளை’ என்னும் சொல்லை நம் இலக்கணம் மா, த், த, ளை என நான்கெழுத்தாகக் கொள்ளும். எண்ணுதற்குரிய ‘டபிள்யூ.சி.’ கட்டளையோ, வரிமுடிவுக் குறியை நீக்கி, ஏழு குறிகள் என்றும் இருபத்தொரு பைற்றுக்கள் என்றும் விடை தரும். மெய்யையும் அதன் மேலேறும் உயிர்க்குறியையும் புள்ளியையும் ஒருங்குறி தனித்தனியே பதிவதும், ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைற்றுக்கள் வேண்டப்படுவதும் இதன் காரணம். இவ்வாறு பைற்றுக்களாக்கும் முறையை 1992இல் வகுத்தவர்கள், முன்னர்க் கூறிய தொம்சனும் ரொப் பைக் என்பாருமே. நியூ ஜேர்சியின் உணவுச்சாலை ஒன்றில், இரவுணவின்போது மேசைத்தாளில் அது வரையப்பட்டது என்பர்.

இவ்வறிவால் விளையும் பயன் சிறிதன்று. இலங்கைத் தமிழ் வெளியீடுகள் பல ஆண்டுகளாகப் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சாயின. அவற்றுள் ‘தமிழ்’ என்னும் சொல் உண்மையில் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாகவே பதிந்துள்ளது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறப்பார்க்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே தோன்றும். தேடினும் தமிழ்ச்சொல் அகப்படாது. பழைய பாடசாலை மலர்களும் கோயில் மலர்களும் இக்கதிக்கு உள்ளாதல் கூடும்.

இதற்கு மருந்து கட்டளை வரியில் உண்டு. ஓரெழுத்துத் தொடரை மற்றொன்றாக மாற்றும் ‘செட்’ என்னும் கருவிக்கு விதிகளை எழுதிக் கொடுப்பின், நூறு கோப்புக்களையும் அது ஒருங்கே ஒருங்குறிக்கு மாற்றும். ஆயின் விதிகளின் வரிசை கருதத்தக்கது. ‘கெ’ என்பதில் கண்ணுக்கு முன்தோன்றும் கொம்பைப் பாமினி முதலிற் பதியும். ஒருங்குறியோ மெய்யை முதலிலும் கொம்பைப் பின்னரும் பதியும். ஆகவே எழுத்துக்கு எழுத்தாக மாற்றின் பிழை நேரும். கூட்டெழுத்துக்களை முதலில் மாற்றித் தனியெழுத்துக்களைப் பின்னர் மாற்றுதலே முறை. தமிழெழுத்தின் இயல்பறிந்தவனே இவ்விதிகளைச் செவ்வனே எழுத வல்லான்; கணினி மட்டும் கற்றவனுக்கு இது கைகூடுதல் அரிது.

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டபோது, வேறு பிரதியில்லா ஏடுகள் அதனுடன் அழிந்தன. அத்தகைய இழப்புக்கு மாற்றாகவே பின்னாளில், 2005இல், நூலகம் என்னும் எண்ணிம நூற்றொகுதி தொடங்கப்பெற்று வளர்ந்துவருகின்றது. அப்பணிக்குத் துணைபுரிய விலையுயர்ந்த கணினி வேண்டா. பழைய கணினியும் லினக்சும் பத்துக் கட்டளைகளும் போதும். மலைநாட்டுப் பாடசாலை ஒவ்வொன்றிலும் மாணவர் சிலர் ஓய்வுநேரத்திற் கூடித் தத்தம் கல்லூரியின் பழைய மலர்க் கோப்புக்களை ஒருங்குறிக்கு மாற்றிப் பல இடங்களிற் பிரதிசெய்து வைப்பாராயின், பின்வருவோர் அவற்றைத் தேடியெடுத்துப் படிப்பர்.