பட்டறை மோட்டாருக்கு ரிமோட் சுவிட்ச் வாங்க போறீங்களா? முதலில் இதை படியுங்க!

உடுமலைப்பேட்டை:
உடுமலை சுற்று வட்டார தோட்டங்களில் மோட்டாரை செல்போனில் போடுவதும் நிறுத்துவதும் இன்று சாதாரண விஷயம். புனேயை சேர்ந்த சந்தோஷ் ஒஸ்த்வால் உருவாக்கிய 'நானோ கணேஷ்' என்ற செல்போன் கருவி, 2009-ம் ஆண்டு நோக்கியா நடத்திய போட்டியில் பரிசு வாங்கியது. அதன் பிறகு இதே மாதிரி கருவிகள் பல கம்பெனி பெயர்களில் கடைக்கு வந்து விட்டன.

இப்போது லேத் பட்டறை, மர இழைப்பகம், தறி கூடம் என்று எல்லா இடத்திலும் "நமக்கும் ஒரு ரிமோட் மாட்டினா என்ன?" என்ற ஆசை வந்திருக்கிறது. மாட்டலாம், தப்பில்லை. ஆனால் தோட்டத்து கருவியை அப்படியே பட்டறைக்கு கொண்டு வந்தால் கை விரல் போகும்!

ஏன் ஆபத்து?

தோட்டத்து போர்டில் 'ஆட்டோ' என்று ஒன்று இருக்கும். மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டார் தானாக ஓடும். கிணற்று மோட்டார் பக்கத்தில் யாரும் கை வைத்திருப்பது இல்லை. அதனால் அங்கே அது வசதி.

பட்டறையில் கதை வேறு. கரண்ட் போனதும் தொழிலாளி ரம்பத்தில் சிக்கிய கட்டையை எடுக்க குனிவார். அந்த நேரம் கரண்ட் வந்து மெஷின் தானாக சுற்றினால் என்ன ஆகும்? சில மலிவு ரிமோட் கருவிகள் கடைசியாக 'ஆன்' ஆனதை நினைவில் வைத்து, கரண்ட் வந்ததும் மறுபடி ஆன் செய்து விடும். பட்டறைக்கு இது ஆகவே ஆகாது.

16 ஆம்பியர் போதுமா?

கடையில் "16 ஆம்பியர், 3,500 வாட்ஸ் தாங்கும்" என்று சொல்லி கொடுப்பார்கள். அது ஹீட்டர் மாதிரி சாமானுக்கு சரி. மோட்டார் கிளம்பும்போது சாதாரண ஓட்டத்தை போல 6 மடங்கு வரை கரண்ட் இழுக்கும். 5 எச்.பி. மும்முனை மோட்டார் ஓடும்போது சுமார் 7½ ஆம்பியர் எடுத்தால், கிளம்பும் அந்த நிமிஷம் 45 ஆம்பியர் வரை போகும். சின்ன ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக் கொள்ளும். ஒட்டி விட்டால் ரிமோட்டை எத்தனை முறை அழுத்தினாலும் மோட்டார் நிற்காது.

எப்படி மாட்டணும்?

மோட்டார் கரண்ட் ரிமோட் வழியாக போகவே கூடாது. மோட்டாரை ஓட்டுவது ஸ்டார்ட்டர். ரிமோட் அந்த ஸ்டார்ட்டருக்கு உத்தரவு மட்டும் கொடுக்க வேண்டும்.

* அழுத்தும் வரை மட்டும் வேலை செய்யும் வகை ரிசீவர் வாங்குங்கள். ஆன் முனையை பச்சை பட்டனோடு பேரலலாகவும், ஆப் முனையை சிவப்பு பட்டனோடு சீரிஸாகவும் இணைக்க வேண்டும். கரண்ட் போனால் ஸ்டார்ட்டர் விழுந்து விடும். மறுபடி ஆள் அழுத்தினால்தான் எழும்.

* பல மும்முனை ஸ்டார்ட்டர்களில் காயில் 415 வோல்ட். ரிமோட் ரிலேயில் 250 வோல்ட் என்றுதான் போட்டிருக்கும். காயிலை 230 வோல்ட்டுக்கு மாற்றித்தான் இணைக்க வேண்டும். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியனை வைத்து செய்யுங்கள்.

* ஓவர்லோடு ரிலேயை கழற்றாதீர்கள். ஒரு பேஸ் போனாலும் மோட்டார் எரியாமல் காப்பது அதுதான்.

* ரிமோட் பேட்டரி தீரலாம், சிக்னல் கிடைக்காமல் போகலாம். அதனால் மெஷின் பக்கத்திலேயே, கை எட்டும் இடத்தில், ஒயர் போட்ட பெரிய சிவப்பு பட்டன் கட்டாயம் வேண்டும்.

* பக்கத்து பட்டறை ரிமோட்டுக்கு உங்கள் மெஷின் ஓடக் கூடாது. ஒவ்வொரு முறையும் கோடு மாறும் 'ரோலிங் கோடு' வகையை கேட்டு வாங்குங்கள்.

எதற்கு மாட்டலாம்?

தூசி உறிஞ்சும் மெஷின், தண்ணீர் மோட்டார் போன்றவற்றுக்கு ஆன், ஆப் இரண்டும் ரிமோட்டில் வைக்கலாம். ரம்பம், இழைப்பு மெஷின், லேத், தறி ஆகியவற்றுக்கு ஆப் மட்டும் ரிமோட்டில் இருக்கட்டும். ஆன் செய்கிறவர் மெஷின் முன்னால் நின்று, கண்ணால் பார்த்துத்தான் போட வேண்டும்.

சட்டம் என்ன சொன்னது?

தானாக ஆப்பில் இருந்து ஆனுக்கு நழுவக் கூடிய சுவிட்ச் இருந்தால், அதை பூட்டி வைக்க ஏற்பாடு வேண்டும் என்று 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 24-வது பிரிவில் விதி இருந்தது. 2025 நவம்பரில் அந்த சட்டத்துக்கு பதிலாக புதிய தொழிலாளர் பாதுகாப்பு சட்டத்தொகுப்பு அமலுக்கு வந்து விட்டது. சட்டம் மாறினாலும் விரல் அதே விரல்தான். பிளேடு மாற்றும்போது, பெல்ட் போடும்போது ரிமோட்டில் ஆப் செய்தது கணக்கில் வராது. மெயின் சுவிட்சை இறக்கி, பியூசை பிடுங்கி, பூட்டு போட்டு சாவியை பையில் வைத்துக் கொள்ள வேண்டும்.

மாட்டியதும் செய்ய வேண்டிய சோதனை

மெஷினை ஓட விட்டு மெயினை இறக்குங்கள். கொஞ்ச நேரம் கழித்து, யாரும் மெஷின் பக்கத்தில் இல்லாதபோது மறுபடி ஏற்றுங்கள். மெஷின் அசையக் கூடாது. அசைந்தால், காசு போனாலும் பரவாயில்லை, அன்றைக்கே அந்த கருவியை கழற்றி விடுங்கள்.