ஏடு கொண்டு சென்றவர்கள்

கோவில்பட்டியிலிருந்து நெல்லை செல்லும் சாலையில், தெற்கே சில கல் தொலைவில், இடைசெவல் என்னும் சிற்றூர் இருக்கிறது. வானம் பார்த்த கரிசல் பூமி. பருத்தியும் கம்பும் விளையும் மண். இந்த ஓர் ஊரில், ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்த நண்பர் இருவர் சாகித்திய அக்காதெமி விருது பெற்றனர். கு. அழகிரிசாமிக்கு அவர் மறைந்த 1970ஆம் ஆண்டில் ‘அன்பளிப்பு’ தொகுதிக்காகக் கிடைத்தது. கி. ராஜநாராயணனுக்கு 1991இல் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்காகக் கிடைத்தது. அச்சகமோ பதிப்பகமோ அருகில் இல்லாத ஓர் ஊரிலிருந்து இவர்கள் எழுத்து எவ்வாறு வெளியே சென்றது?

இக்கேள்வியில் நமக்கும் அக்கறை உண்டு. “எழுதி வைத்திருக்கிறேன், யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது?” என்று கேட்கும் பிள்ளைகள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். பெண்பிள்ளைகள் அதைக் கேட்பதுகூட இல்லை. நோட்டுப் புத்தகத்தை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிடுகிறார்கள்.

இங்கிலாந்தில் இதற்கென்றே ஒரு தொழில் பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டனில் ஏ. பி. வாட் என்பவர் எழுத்தாளர்களுக்காகப் பதிப்பாளர்களிடம் பேசி, வரும்படியில் நூற்றுக்குப் பத்து பெற்றுக்கொள்ளும் வழக்கத்தை நிலைநாட்டினார். கிப்ளிங் போன்ற புகழ்பெற்றவர்களும் அவரை நாடினர். அத்தகையவரை இலக்கிய முகவர் என்கிறார்கள். தமிழில் அத்தொழில் நெடுங்காலம் வேர்விடவில்லை. ஆனால் முகவர் செய்யும் வேலை இங்கே நடக்காமல் இல்லை. அதற்குக் கரிசல் மண்ணிலேயே பழைய சான்று ஒன்று உண்டு. அது நம்முடைய சான்று.

கோவில்பட்டிக்குக் கிழக்கே எட்டயபுரம். அங்கேதான் சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் (1642–1703) அடங்கியிருக்கிறார். எட்டயபுரம் அரசவைப் புலவர் கடிகை முத்துப் புலவரிடம் தமிழ் கற்றவர் அவர். புலமை இருந்தது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைப் பாட வேண்டும் என்ற வேட்கையும் இருந்தது. ஆதாரங்களோ அரபு மொழியில் இருந்தன. கீழக்கரை வள்ளல் சீதக்காதி அவரை மார்க்க மேதை சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களிடம் அனுப்பினார் என்றும், அப்பா முதலில் இணங்கவில்லை என்றும் மரபு கூறுகிறது. உமறு மனம் வெதும்பி ‘முதுமொழிமாலை’ பாடினார். அதன் பின்னரே வழி திறந்தது. பரங்கிப்பேட்டையிலிருந்த மகுமூது தீபி என்னும் அறிஞரிடம் அவர் பொருள் கேட்டார். இடையே சீதக்காதி மறைந்துவிட, பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் ஆதரவு தந்து காப்பியத்தை வளர்த்தார்.

சற்று நின்று பாருங்கள். முதல் வாயில் மூடியபோது உமறு செய்தது என்ன? தம் தகுதியைப் பற்றி வாதிடவில்லை. இன்னொரு நூலை எழுதிக் காட்டினார். முகவரை ஈர்ப்பது எப்படி என்று இன்று வகுப்பு நடத்துகிறவர்கள் சுற்றிச் சுற்றிச் சொல்வதும் ஏறத்தாழ இதுவே.

காப்பியத்துக்குள் பலமுறை போற்றப்படுபவர் அபுல்காசிம்; முதலில் அனுப்பிய சீதக்காதியின் பெயர் அதில் இல்லை. காரணம் பற்றி அறிஞர்கள் பலவாறு பேசுவர். நூல் அச்சேறியதோ 1842இல். செய்கப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் ஏடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பிக்கும்வரை, ஏறத்தாழ 140 ஆண்டுகள் அது ஓலையிலேயே வாழ்ந்தது. படி எடுத்தவர்களும் ஓதியவர்களும் இல்லையேல் செல்லுக்கு இரையாகியிருக்கும்.

இனி இடைசெவலுக்கு வருவோம். அழகிரிசாமி பத்திரப் பதிவு அலுவலக வேலையை உதறிவிட்டுச் சென்னை சென்றார். ‘பிரசண்ட விகடன்’, பின்னர் வை. கோவிந்தனின் ‘சக்தி’ எனப் பத்திரிகைகளுக்குள்ளேயே புகுந்து உழைத்தார். 1950களில் மலேயா சென்று ‘தமிழ் நேசன்’ ஆசிரியர் குழுவிலும் இருந்தார். அவர் கதவைத் தட்டவில்லை, வீட்டுக்குள்ளேயே குடியேறிவிட்டார். கி.ரா.வின் வழி வேறு. பள்ளிப் படிப்பை நிறைவு செய்யாதவர், அக்காலத்தில் ஊரிலேயே இருந்த விவசாயி. நண்பர்கள் இருவரும் கடிதங்களால் உரையாடினர், ரசிகமணி டி.கே.சி.யை நாடிச் சென்று கம்பனைச் சுவைத்தனர். முப்பது வயது கடந்த பின்னரே கி.ரா. கதை எழுதலானார். விஜயபாஸ்கரனின் ‘சரஸ்வதி’யும், அதன்பின் ‘தாமரை’யும் அவற்றை ஏற்றன. பெரிய விற்பனை உள்ள இதழ்கள் அல்ல அவை. ஆனால் வட்டாரப் பேச்சைக் குறையென்று திருத்தாத ஆசிரியர்கள் அங்கே இருந்தனர். எழுத்துக்கு ஏற்ற இடத்தை அறிவது பாதி வெற்றி. இது தெரியாமல் ஒரே கதையைப் பத்து இதழ்களுக்கு அனுப்பிச் சோர்ந்தவர்களை நான் அறிவேன்.

பிற்காலத்தில் கி.ரா.வே பிறருக்கு அந்த வேலையைச் செய்தார். கரிசல் எழுத்தாளர்களின் கதைகளைத் தேடித் தொகுத்தார். சிவகங்கையில் ‘அன்னம்’ நடத்திய கவிஞர் மீரா நூலாக்கினார். மறைந்த நண்பர் அழகிரிசாமியின் கடிதங்களையும் காத்து வைத்து நூலாக்கியவர் கி.ரா.தான். அவர் 2021இல் புதுவையில் காலமானார். அவருக்குப் பின் வந்த பூமணி 2014இலும், சோ. தர்மன் 2019இலும் அதே அக்காதெமி விருதைக் கரிசலுக்குக் கொண்டுவந்தனர்.

நம் சமுதாய இதழ்களும் இதில் பின்தங்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். தேங்காய்ப்பட்டணத்துத் தோப்பில் முகமது மீரான் மலையாள வழியில் கற்றவர். தமிழில் எழுத நண்பர்களின் கை துணை நின்றது. ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யைத் தொடராக ஏற்றது ‘முஸ்லிம் முரசு’. 1988இல் அதை நூலாக்கியவர் மீரானே, கைப்பணம் செலவிட்டார். ஒன்பது ஆண்டுகளில், 1997இல், ‘சாய்வு நாற்காலி’ அவருக்கு அக்காதெமி விருதைத் தந்தது. சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004இல் வெளிவந்து, லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் மொழிபெயர்ப்பால் ஆங்கிலத்துக்கும் சென்றது.

2023 சனவரியில் தமிழக அரசு சென்னையில் பன்னாட்டுப் புத்தகக் காட்சியைத் தொடங்கியது. மொழிபெயர்ப்பு உரிமைகளைப் பேசி முடிக்கும் களம் அது. ஆக, முகவர் என்ற சொல் நம் ஊருக்கும் வந்துவிட்டது. எட்டயபுரத்தில் உமறுவின் அடக்கத்தலத்துக்கு வருகிறவர்களோ, அவரைப் பரங்கிப்பேட்டைக்கு அனுப்பியவர் யார், ஆதரித்தவர் யார் என்று இன்னும் ஒருவரோடொருவர் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.