நான்காம் வேற்றுமையும் முத்துக்குளித்துறையும்

மண்டபத்தை அடுத்த வேதாளையில் 1549 ஆம் ஆண்டு அந்தோணி கிரிமினாலி பாதிரியார் கொல்லப்பட்டபின், முத்துக்குளித்துறையின் சமயப்பணிக்குத் தலைமை ஏற்றவர், போர்த்துக்கல்லிலிருந்து வந்து பரதவரிடையே வாழ்ந்து அவர்தம் பாஷையைப் பயின்ற அன்றீக் அடிகளார். அக்காலத்தில் அவர் லத்தீன் வேற்றுமைகளை ஆதாரமாக வைத்துப் போர்த்துக்கீசிய மொழியில் இயற்றிய இலக்கணமே, ஐரோப்பியர் செய்த தமிழ் இலக்கணங்களுள் நமக்குக் கிட்டியவற்றில் பழைமையானது.

லத்தீனில் நான்காம் வேற்றுமை விகுதி சொல்லின் வர்க்கத்திற்கேற்ப மாறும். அரசனுக்கு என்பது ‘ரேகீ’, அடிமைக்கு என்பது ‘செர்வோ’. தமிழிலோ, தொல்காப்பியர் காலந்தொட்டு, ராஜனுக்கும் தோணிக்கும் ‘கு’ என்னும் ஒரே உருபுதான்.

ஆயினும் அவ்வுருபின் வியாபகம் அன்னியரைத் திகைக்க வைப்பது. விடியுமுன் கடலுக்குப் போன வலைஞன், கரையேறியதும் ‘எனக்குப் பசிக்கிறது’ என்கிறான். லத்தீன் வாக்கியத்தில் பசிப்பவனே எழுவாய். தமிழிலோ பசி அவனிடம் வந்து சேர்கிறது, அவன் அதை ஏற்பவனாக நிற்கிறான். நன்னூலார் கொடை, பகை, முறை என அடுக்கிய பொருள்களோடு, பசியும் காய்ச்சலும் ஞாபகமும்கூட இக்கரையில் ‘கு’வின் வழியாகவே மனிதனை அடைகின்றன.