கானா இசையின் மறுமலர்ச்சி

கானா என்பது வடசென்னையின் உழைக்கும் மக்களிடையே, குறிப்பாகத் தலித் குடியிருப்புகளில், வளர்ந்த பாடல் வடிவம் ஆகும். சாவு வீடுகளில் இரவெல்லாம் விழித்திருப்போர் நடுவே இது பாடப்பட்டு வந்தது. 1990களில் தேவாவின் இசையால் திரைப்படங்களில் புகழ்பெற்றது. ஆயினும் அதை உருவாக்கிய மக்களின் வாழ்க்கை பாடுபொருளாகவில்லை. சபா மேடைகளும் அதற்கு எளிதில் திறக்கவில்லை.

2017இல் இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் இணைந்து, அதிகம் அறியப்படாத கானா, ராப் கலைஞர்களைத் திரட்டின. 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் 19 பேர் கொண்ட குழு பிறந்தது. அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதி பேதமற்ற தமிழர்' என்னும் கருத்தே பெயருக்கு அடிப்படை. குழுவின் முதல் நிகழ்ச்சி 2018 சனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் நடந்தது. பறை, சட்டி ஆகியவற்றோடு கித்தாரும் டிரம்ஸும் ஒலித்தன. இடஒதுக்கீடு, ஆணவக்கொலை, மாட்டிறைச்சி உணவு ஆகியவை பாடல்களாயின.

இதற்கு ஒப்பான நிகழ்வு இங்கிலாந்திலும் உண்டு. கோவென்ட்ரி நகரில் 1979இல் தொடங்கிய டூ டோன் நிறுவனத்தின் வழியே ஜமைக்காவின் ஸ்கா இசை மீண்டெழுந்தது. அக்குழுக்களில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து வாசித்து நிறவெறியை எதிர்த்தனர்.

பெரிதும் ஆண்களே பாடிவந்த கானாவைப் பாடிய இக்குழுவின் இசைவாணி, 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.